பிளக்கைக் கழற்றிய பிறகு

பிளக் கைரியாவின் கையில் இருந்தது. மெஷின் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பின்னேர அஸர் தொழுகைக்கான பாங்கு முடிவதற்குள் பன்வில பக்கத்து மலைகளுக்கு மேல் வானம் கரிச்சட்டியின் அடிபோல் ஆகியிருந்தது. எங்கோ தூரத்தில் பீப்பாய் உருள்வதுபோல முதல் இடி கேட்டதும், வழக்கப்படி குசினியில் தொடங்கி பிரிட்ஜ், ரைஸ் குக்கர், தண்ணீர் மோட்டார், பிறகு ஹோலில் டீவி, டிஷ் வயர், ரவுட்டர், அதன் பின்னால் தொங்கிய டெலிபோன் வயர் என்று ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றியபடி கடைசியில் கணவரின் அறைக்கு வந்திருந்தாள். இங்கே மட்டும் அவசரப்படக் கூடாது. முதலில் கட்டிலருகே நிற்கும் ஒக்சிஜன் சிலிண்டரைத் திறக்க வேண்டும். ஒக்சிஜன் மெஷினின் குழாயை ஹாஷிமின் மூக்கிலிருந்து எடுத்து, சிலிண்டரின் குழாயை மாட்டி, அவர் நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் மெஷினின் சுவிட்சை அணைத்து பிளக்கை இழுக்க வேண்டும். எல்லாவற்றையும் அந்த வரிசையிலேயே செய்திருந்தாள்.

ஷ்ஷ்ஷ்... டுக்.

காற்றை உறிஞ்சி ஒரு தட்டுத் தட்டி வெளியே விடும் அந்தச் சத்தம் இரவும் பகலும் அந்த வீட்டில் கேட்டுக்கொண்டே இருப்பது. இருக்கும்போது காதில் விழாது. இப்போது விழுந்தது. அவள் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள். மூன்று பித்தளைக் கால்களும் வெறும் காற்றில் நின்றன.

ஷ்ஷ்ஷ்... டுக்.

பிறகு நின்றுவிட்டது. ஓட்டில் முதல் மழைத்துளிகள் விழுந்தன.

அன்றைக்கு மழை விட்ட பிறகு தோஹாவிலிருந்து மகன் அகீல் பேசினான். கண்டிப் பக்கம் இடிமழை என்று போனில் பார்த்துவிட்டால் அவன் பேசாமல் இருக்க மாட்டான். போன வருடம் முற்றத்துக் கமுகு மரத்தில் விழுந்த மின்னல் வயர் வழியாக வீட்டுக்குள் வந்து டீவியை வெடிக்க வைத்து, சுவிட்ச் போர்டைச் சுவரோடு கருக்கிவிட்டுப் போயிருந்தது. சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும் என்ற சட்டம் அதற்குப் பிறகு அவன் போட்டது.

"உம்மா, எல்லாம் கழட்டினீங்களா?"

"கழட்டினேன் மகன்."

"வாப்பாட மெஷினையும்?"

"அதையும்தான்." போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அகீல், பிளக்கக் கழட்டின பொறகும் அது கொஞ்ச நேரம் ஓடின மாதிரி ஈந்திச்சி."

அவன் சிரித்தான். "உள்ளுக்கு அமுங்கி ஈக்கிற காத்தும்மா. அது வெளியாகிற சத்தம். பயப்புட ஒண்டுமில்ல. ஆனா இடியில அது மட்டும் போச்செண்டா வேற எடுக்கேலா, அதப் பாத்துக்கோங்க."

எடுக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். பள்ளிவாசல் கமிட்டி இரவலாகத் தரும் மெஷின் அது. வத்தேகம பஸாரில் பஞ்சுமெத்தைக் கடை வைத்திருந்த ஹாஷிம், பல வருடங்களாக இலவம்பஞ்சுத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து, இப்போது கட்டிலிலிருந்து குளியலறை வரை நடந்தாலே உதடு நீலம் பாரிக்கும் நிலைக்கு வந்திருந்தார். மெஷின் இல்லாமல் அவரால் ஒரு இரவைத் தாண்ட முடியாது. சிலிண்டர், இடி நேரத்துக்கும் கரண்ட் போகும் நேரத்துக்கும் மட்டும்தான்.

உள்ளே இருக்கிற காற்று. கைரியா அதைத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். சரியான விளக்கம்தான். ஆனால் அன்று படுக்கும்போது ஒரு விஷயம் நெருடியது. அமுங்கிய காற்று வெளியேதானே வரும். அவள் கேட்டது உள்ளே இழுக்கும் சத்தத்தையும் சேர்த்து.

ஐப்பசி மழை அடுத்தடுத்த பின்னேரங்களில் சாதுவாகப் பெய்துவிட்டுப் போனது. இடியோடு மறுபடி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அவள் எல்லாவற்றையும் கழற்றினாள். இந்த முறை மெஷினின் வயரைச் சுருட்டி, பிளக் கண்ணுக்குத் தெரியும்படி அதன் தலைமேலேயே வைத்தாள். சத்தம் இல்லை. தன்னைத்தானே திட்டிக்கொண்டு, குசினி யன்னல்களைச் சாத்தப் போனாள்.

திரும்பி வரும்போது ஹாஷிம் கண் விழித்திருந்தார்.

"யாரு வந்தீக்கிற?"

"ஒருத்தரும் வரல்லயே."

"இருமினாங்களே." வாசற்பக்கம் பார்த்தார். "ஒரு வயசான பொம்புள. உனக்குக் கேக்கல்லயா?"

"மழச் சத்தம். நீங்க கண்ண மூடுங்க."

அவர் மூடினார். அப்போதுதான் அவளுக்கும் கேட்டது. நெஞ்சுக்குள் சளி கட்டி, அதை வெளியே கொண்டுவரத் தெம்பில்லாமல் பாதியிலேயே விட்டுவிடுகிறவர்களின் இருமல். ஹாஷிமின் வாய் மூடியிருந்தது. சத்தம் அவருக்குக் கீழே, கட்டிலுக்கு இந்தப் பக்கம், முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

ஷ்ஷ்ஷ்... டுக்.

பிளக் மெஷினின் தலைமேல் வைத்தபடியே இருந்தது. மெஷினின் விளக்கு எரியவில்லை. கட்டில் காலில் மாட்டியிருந்த மூக்குக் குழாய் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவள் குனிந்து அதைப் பிடிக்கப் போனபோது முக்காட்டின் ஓரம் குழாயின் இரண்டு சிறு முனைகளிலும் போய் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதா, இழுக்கப்பட்டதா? துணி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக முயன்றது. அவள் வெடுக்கென்று பறித்தாள். அடுத்த நொடி குழாயிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று அவள் மணிக்கட்டின் மேல் விழுந்தது. ஒக்சிஜனுக்கு வாசமில்லை. இதற்கு இருந்தது. நனைந்த மண்ணும் கற்பூரமும் கலந்த வாசம். இறந்துபோன தன் உம்மாவின் மையத்தைக் குளிப்பாட்டிய காலையில் கடைசியாக ஊற்றிய தண்ணீரில் வந்த அதே வாசம்.

அவள் மெஷினை உருட்டிக்கொண்டு போய் ஹோலின் மூலையில் விட்டு, ஒரு படுக்கை விரிப்பை எடுத்து மேலே போர்த்தினாள். ஓதத் தெரிந்ததையெல்லாம் ஓதினாள். கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வெளியே மின்னல் வெட்டும்போதெல்லாம் விரிப்பின் முன்பக்கம் குழிந்தது. பிறகு மெல்ல உப்பியது. குழிந்தது. உப்பியது. துணிக்குள் ஒரு சிறிய பிள்ளை முகம் புதைத்துத் தூங்குவதுபோல.

இடி விலகியதும் அதுவும் நின்றது.

அதைவிட மோசம் அதற்குப் பிறகு செய்ய வேண்டியிருந்ததுதான். சிலிண்டரின் அளவுமுள் பாதிக்கு வந்திருந்தது. கரண்ட் இருந்தது. மெஷினைத் திரும்ப உருட்டி வந்து பிளக்கைச் செருகினாள். குழாயைக் கொதிநீரில் ஊறவைத்துக் கழுவினாள், முகர்ந்து பார்த்தாள், இன்னொரு தரம் கழுவினாள். பிறகு தன் கையாலேயே அதைக் கொண்டுபோய்க் கணவரின் மூக்கில் மாட்டினாள்.

"என்ன புள்ள, இவ்வளவு நேரம்?" என்றார் ஹாஷிம்.

"குழாயக் கழுவினேன்."

மறுநாள் காலை பள்ளிவாசல் கமிட்டிக்காரர் முனாப், வெற்றுச் சிலிண்டர் ஒன்றை எடுத்துப்போய் நிரப்பிக் கொண்டுவருவதற்காகத் தன் த்ரீவீலில் வந்தார். ஹாஷிமுக்குக் கேட்காதபடி கைரியா அவரைப் படிக்கட்டு வரை கூட்டிக்கொண்டு போனாள்.

"தம்பி, இந்த மெஷின மாத்தித் தரேலுமா?"

"ஏன் ராத்தா, வேல செய்யல்லயா?"

என்ன சொல்வது? வேலை செய்கிறது. செய்யக் கூடாத நேரத்திலும் செய்கிறது. "சத்தம் ஒரு மாதிரி ஈக்கி" என்றாள்.

"மத்ததெல்லாம் வெளிய போயீக்கி. இப்ப குளிர் காலம், கேக்கிற ஆக்கள் கூட." முனாப் சிலிண்டரைச் சீட்டில் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினார். "இது நல்ல மெஷின் ராத்தா. எங்கட மெஷின்கள்ல பழசு இதுதான். ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்ல."

"இதுக்கு முந்தி யார்ட ஊட்ல ஈந்திச்சி?"

"ஒரு ஊடா ரெண்டு ஊடா. கடைசியா மடவளையில ஒரு உம்மா வெச்சீந்தாங்க. அதுக்கு முந்தி ஒரு மாஸ்டர். அதுக்கும் முந்தி..."

"அவங்க எல்லாம்?"

முனாப் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி போட்டுக்கொண்டார். "அல்லாஹ் எடுத்துக்கிட்டான் ராத்தா. அதுதானே மெஷின் எங்களுக்குத் திரும்பி வருது." சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று உறைத்ததுபோல அவசரமாக த்ரீவீலைக் கிளப்பினார். "பின்னேரத்துக்கு முந்தி சிலிண்டரக் கொண்டாரேன். பயப்புட வேணாம்."

பின்னேரத்துக்கு முன்பே வானம் இருண்டது.

அன்றைய மழைக்கு முன் தூரத்து இடி எதுவும் கேட்கவில்லை. காற்று அசையாமல் நின்றது; தேயிலைப் பக்கமிருந்து வரும் குருவிச் சத்தம் யாரோ அணைத்ததுபோல ஒரேயடியாக நின்றது; குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் முன்கை மயிர்கள் எழுந்து நின்றன. அவள் ஈரக்கையோடு ஓடினாள். பிரிட்ஜைக் கழற்றினாள். மோட்டாரை எட்டுவதற்குள் யன்னல் முழுக்க வெள்ளையாகி, அதோடு சேர்ந்தே இடி விழுந்தது. கீழே ரோட்டோரம் டிரான்ஸ்போமர் வெடித்த சத்தம் வயிற்றில் கேட்டது. வீட்டின் எல்லா விளக்கும் அணைந்தன.

அறையிலிருந்து மெஷினின் எச்சரிக்கை ஒலி. பீப். பீப். கரண்ட் போனால் அது அப்படித்தான் கத்தும். அவள் போய்ச் சுவிட்சை அணைத்து, பிளக்கை இழுத்துப் போட்டு, இருட்டில் தடவிச் சிலிண்டரின் குழாயை ஹாஷிமுக்கு மாட்டினாள். போனின் வெளிச்சத்தில் முள்ளைப் பார்த்தாள். நேற்று பாதியில் நின்றது. இப்போது சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட. சிலிண்டரின் திருகை நேற்று சரியாக இறுக்கவில்லையா? மெல்லிய சீறல் ஒன்று அவள் விரல்களுக்கிடையே கேட்டது.

முனாப்புக்கு அடித்தாள்.

"ராத்தா, வத்தேகமயத் தாண்டினதும் மரமொண்டு விழுந்தீக்கி. ரோடு முழுக்க அடைச்சிட்டு. சிலிண்டர் என்கிட்டத்தான் ஈக்கி, வெட்டினவுடனே..." சத்தம் துண்டு துண்டாக வந்து போனது. ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். அவர்களும் அந்த மரத்துக்கு அந்தப் பக்கம்தான். வழி திறந்ததும் வருகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு போனில் சிக்னல் இல்லை.

அக்கம்பக்கம் என்று கூப்பிட அந்த மேட்டில் வேறு வீடு கிடையாது. மழை ஓட்டின் மேல் கற்களைக் கொட்டுவதுபோலக் கொட்டியது. அவள் திருகை இறுக்கினாள். சீறல் குறைந்தது. முள் ஏறவில்லை.

"கைரியா."

"இங்கதான் ஈக்கிறேன்."

"காத்து... காணாது."

"முனாப் வாறார். வந்துக்கிட்டு ஈக்கிறார். மெதுவா இழுங்க. மெதுவா."

அவர் தலையணையிலிருந்து எழுந்து, கைகளை முன்னால் ஊன்றி, தோள்களை உயர்த்தி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளி இழுப்பதுபோல இழுத்தார். கழுத்து நரம்புகள் கயிறுபோல் நின்றன. அவள் அவர் முதுகைத் தடவினாள். முதுகு நனைந்திருந்தது. போன் வெளிச்சத்தில் உதட்டைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

சிலிண்டர் ஒரு முறை விக்கியது. பிறகு சத்தமில்லை.

அந்த அமைதியில் அது கேட்டது.

ஷ்ஷ்ஷ்... டுக்.

அவள் திரும்பவில்லை. தனக்குப் பின்னால் அது இருக்கும் இடம் தெரியும். வயர் எங்கே கிடக்கிறது என்றும் தெரியும்.

ஷ்ஷ்ஷ்... டுக்.

மின்னல். சுவரில் மெஷினின் நிழல். அதற்குப் பின்னால் சுவர் நெடுக இன்னும் நிழல்கள். குந்தியிருப்பவை. முன்னால் சாய்ந்து, கைகளை ஊன்றி, தோள்களை உயர்த்தி. ஹாஷிம் இப்போது இருப்பதுபோலவே.

இருட்டு.

"கைரியா..." இந்த முறை சத்தம் இல்லை. உதடு மட்டும்.

கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் இரவில், அவள் அழுதபோது, என்ன பேசுவது என்று தெரியாமல் விடியும்வரை மெத்தைக்கு எந்தப் பஞ்சு நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர். அவர் விரல்கள் அவள் சட்டைக் கையைப் பிடித்திருந்தன. பிடி தளர்ந்தது.

அவள் திரும்பினாள். குழாயை எடுத்தாள். அது சூடாக இருந்தது. கற்பூர வாசம் மூக்கில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு, பிஸ்மி சொல்லி, அதை அவர் மூக்கில் மாட்டினாள்.

ஷ்ஷ்ஷ். அவர் நெஞ்சு உள்வாங்கியது.

டுக். உயர்ந்தது.

மறுபடி. மறுபடியும். உதட்டின் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. தோள்கள் இறங்கின. அவரைத் தலையணையில் சாய்த்தாள். இவ்வளவு ஆழமாக அவர் மூச்சு விட்டு எத்தனையோ காலம். அழுகை வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றாள். எதற்கு நன்றி சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. யோசிக்கத் துணிவில்லை.

இடி மெல்ல மெல்ல ஹுன்னஸ்கிரிய பக்கம் நகர்ந்தது. மழை இலைகளில் சொட்டும் சத்தமாகச் சுருங்கியது. மெஷினின் தட்டுகள் இடைவெளி விட்டு வரத் தொடங்கின. பிறகு நின்றன.

ஹாஷிமின் நெஞ்சும் நின்றது.

அவர் மூக்கருகே கையை வைத்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். சட்டைக்குள், தோலுக்குள், எலும்புக்குள், எங்கும் ஒன்றுமில்லை. கழுத்தைத் தொட்டாள். ஒன்றுமில்லை. குளிர்ந்துகொண்டிருந்தது.

"இன்னா லில்லாஹி..." என்று இறப்புக்குச் சொல்லும் வாசகத்தை அவள் வாய் தொடங்கியது.

மலைக்கு அப்பால், சத்தமே இல்லாமல், ஒரு மின்னல்.

நெஞ்சு உயர்ந்தது.

முழுதாக, விலா எலும்புகள் தெரிய உயர்ந்து, வெளிச்சம் இருந்தவரை அப்படியே நின்று, அது அணைந்தபோது அதோடு இறங்கியது. அவர் கண்கள் திறந்திருந்தன.

"அகீல்ட வாப்பா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்தார். அவள் அவர் மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்தாள். இன்னொரு மின்னல். நெஞ்சு உயர்ந்தது. குழாய் தரையில் கிடந்தது. மெஷின் அசையவில்லை. வெளிச்சம் போனது. நெஞ்சு இறங்கியது. அடுத்ததற்கு நீண்ட நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க அவர் கண் இமைக்காமல், மூச்சில்லாமல், யன்னலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவருக்கு எல்லாம் தெரிகிறது. அதை அந்தக் கண்களில் அவள் கண்டாள்.

அவர் கை தடவி வந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது.

மின்னல். மங்கலாக.

கிடைத்த அந்த ஒரு மூச்சில் பேசினார். "கைரியா... மழ போவுதா?"

அவள் யன்னலைப் பார்த்தாள். கரண்ட் இல்லாததால் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பேசவில்லை. பள்ளத்திலிருந்து மோதினாரின் வெறும் குரல் அந்தி மஃரிப் தொழுகைக்கு அழைத்தது, மிகச் சன்னமாக. யன்னலுக்கு வெளியே மேகத்தின் விளிம்பு மலையிலிருந்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே கழுவி விட்டதுபோன்ற வானம். மிகத் தூரத்தில், நனைந்த தீக்குச்சி உரசியதுபோல ஏதோ ஒன்று மினுங்கியது. அவர் நெஞ்சு பாதி உயர்ந்தது. மீதி உயரவில்லை.

பிறகு மின்னல் வரவில்லை.

அவர் கண்கள் மூடவில்லை. மலைக்கு மேல் ஒரு நட்சத்திரம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வானம் சுத்தமாகச் சுத்தமாக, அவள் மணிக்கட்டைச் சுற்றியிருந்த அந்தக் குளிர்ந்த விரல்கள் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டே வந்தன.